கம்ப்யூட்டருக்கு 40 ஆயிரம், எர்த்துக்கு 7 ஆயிரம்

"ஐ5 பிராசசர், 8 ஜிபி, 500 எஸ்எஸ்டி, 20 இன்ச் மானிட்டர், எல்லாம் சேர்த்து 24,500." துண்டுச் சீட்டில் இவ்வளவுதான் எழுதிக் கொடுத்தார்கள். 2023 மே மாதம், மகளுக்கு பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கிடைத்த கையோடு ஒரு கடையில் விலை கேட்கப் போயிருந்தேன். எனக்குத் தொழில் கணக்கு எழுதுவது, ஒரு முப்பது கடைகளுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறேன், அதனால் சீட்டில் மாடல் நம்பர் இல்லாமல் பொருள் பெயர் மட்டும் இருந்தால் மனசு ஒப்பாது. "ஐ5 சரி, எந்த ஐ5?" என்றேன். "ஐ5தான் சார், நல்லா ஓடும்" என்றார் கடைக்காரர். விடாமல் கேட்டு வாங்கிப் பார்த்ததில் அது ஐ5 3470. 2012இல் வந்த சரக்கு. எல்லாப் பாகமும் மாட்டுகிற மதர்போர்டு எச்61, அந்த சிப்செட் (போர்டை நடத்தும் சில்லு) அதற்கும் ஒரு வருடம் மூத்தது. ஆனால் போர்டு மட்டும் இப்போது புதிதாகச் செய்து அட்டைப் பெட்டியில் போட்டு வந்தது, பார்த்தால் பளபளவென்று இருக்கிறது.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்கு இன்டெல் கம்பெனி வைக்கிற ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் வீட்டுப் பேர் மாதிரி. அதை மட்டும் சொன்னால் ஐயாவை (தாத்தாவை)ச் சொல்கிறார்களா பேரனைச் சொல்கிறார்களா என்று தெரியாது. பின்னால் வருகிற நம்பர்தான் ஆள். 2022இல் வந்த ஐ3 12100 அந்தப் பழைய ஐ5ஐ ஊதித் தள்ளிவிடும். அதோடு விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமானால் இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஆகாது, 3470 மூன்றாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கோ 2025 அக்டோபர் 14 என்று அப்போதே கெடு குறித்திருந்தார்கள். ஆக, மகள் மூன்றாம் வருடம் படிக்கும்போது பெட்டி நடுத்தெருவில் நிற்கும். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து, "நாமே சாமான் வாங்கிச் சேர்த்துக்கொள்வோம்" என்று மகளிடம் சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்துக்கு எனக்கு ஒன்றும் தெரியாது என்பது வேறு விஷயம்.

எங்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில். அந்தக் காலத்து வீடு, முகப்பில் தொடங்கி வளவு (முற்றத்தைச் சுற்றிய நடுப்பகுதி), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும். வீடு பெரிது என்று பேர்தானே தவிர பங்காளிகள் எல்லாருக்கும் பொது, எங்கள் பங்குக்கு வந்தது இரண்டு அறை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

முதலில் வேலை என்ன என்று எழுதினோம். எனக்குக் கணக்கு எழுதும் டேலி மென்பொருள், ஜிஎஸ்டி, லேசர் பிரிண்டர். மகளுக்கு பைத்தான், ஜாவா என்ற நிரல் மொழிகள், அப்புறம் வகுப்பு வீடியோக்கள். அப்பச்சிக்கு (என் அப்பாவுக்கு) அவர் தொண்ணூறுகளில் டைப் அடித்து வைத்த கோயில் வரவு செலவும் கடிதங்களும். விளையாட்டு என்று மகள் வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னாள், நான் காதில் வாங்கவில்லை. இந்தப் பட்டியலில் எதற்குமே திரைக்குப் படம் அனுப்புகிற தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. நான் கேட்ட இன்னொரு கடையில் "கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டமா?" என்று ஏதோ தாலி இல்லாத கல்யாணம் மாதிரிக் கேட்டு, ஜிடி 710 என்ற கார்டைக் கையில் கொடுத்தார்கள். அது 2014 காலத்துக் கார்டு, இன்றைய பிராசசருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் அதைவிடத் தேவலை. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது: இன்டெல் பிராசசரில் நம்பருக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. 12100 என்றால் உண்டு, 12100எஃப் என்றால் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் குறைகிறதே என்று எஃப் வாங்கிவிட்டால் திரையில் ஒன்றுமே வராது, கடைசியில் அந்த ஜிடி 710ஐயே காசு கொடுத்து வாங்க வேண்டும். கடைக்காரருக்கு இரண்டு பக்கமும் வியாபாரம்.

ஐ3 12100ஆ, ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜியா என்று ஒரு வாரம் ஓடியது. முதலாவதில் நான்கு கோர் (பிராசசருக்குள் வேலை செய்கிற கை மாதிரி), மற்றதில் ஆறு. ஒரு கோரின் வேகத்தில் ஐ3 கொஞ்சம் முந்தும், உள்ளே இருக்கும் கிராபிக்ஸில் 5600ஜி நன்றாகவே முந்தும். எனக்கு எது வாங்கினாலும் போதும் என்பதுதான் உண்மை. 5600ஜியை எடுத்தோம், 11,800. மகளின் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தபோதுதான் அவள் ஏன் அதையே பிடித்துத் தொங்கினாள் என்று எனக்குப் புரிந்தது.

மதர்போர்டில் காசு மிச்சம் பிடிக்கலாம், நாங்கள் பிடித்தோம். புதிது என்று பி550 போர்டைக் காட்டி பிசிஐஇ 4.0 (போர்டில் தகவல் போகிற பாதை) இருக்கிறது, எஸ்எஸ்டி பறக்கும் என்பார்கள். ஆனால் 5600ஜி பிராசசரே பிசிஐஇ 3.0 வரைக்கும்தான் போகும், போர்டில் நான்கு என்று எழுதியிருந்து என்ன பிரயோஜனம். பி450 போர்டு 5,900க்குக் கிடைத்தது. அதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்த சிப்செட் 2018இல் வந்தது, 5600ஜி 2021இல் வந்தது, பழைய இருப்பாக இருந்தால் பயாஸை (போர்டுக்குள் இருக்கும் மென்பொருளை)ப் புதுப்பிக்காமல் பிராசசரை அடையாளமே கண்டுகொள்ளாது. பெட்டி மேல் ரைசன் 5000க்குத் தயார் என்று ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். இல்லையென்றால் கடையிலேயே புதுப்பித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்தபின் அதைச் செய்ய வேறொரு பழைய பிராசசர் கேட்கும்.

ரேம் 16 ஜிபி, ஆனால் ஒரே 16 அல்ல, இரண்டு எட்டு. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ரேமில்தான் கடன் வாங்கி ஓட்டும். ஒற்றை ரேம் என்றால் ஒற்றைமாட்டு வண்டி, இரண்டு என்றால் இரட்டைமாடு. நான்கு இடம் உள்ள போர்டில் பிராசசரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போட்ட பின் 16 இருக்க வேண்டிய இடத்தில் 15.4 என்று விண்டோஸ் காட்டும், ஏமாந்துவிட்டோமோ என்று பதற வேண்டாம், அந்தக் கடன்தான் அது. நாங்கள் இரண்டையும் 3,400க்கு வாங்கினோம். 2025 கடைசியில் இருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது, செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்கே சிப்பு எல்லாம் போகிறது என்கிறார்கள், இப்போது வாங்குகிறவர்கள் என் கணக்கை வைத்துச் சண்டை போட வேண்டாம்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 500 ஜிபி, வேகமான என்விஎம்இ வகை, 2,600. எம்.2 என்று வடிவத்தைச் சொன்னால் மட்டும் போதாது, அதே வடிவத்தில் மெதுவான சாட்டா வகையும் வருகிறது, என்விஎம்இதானா என்று கேட்டு வாங்கவும். பழைய கம்ப்யூட்டரில் இருந்த 1 டிபி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி பேக்கப்புக்கு வைத்துக்கொண்டோம்.

இப்போது எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை. கேபினட் வாங்கினால் எஸ்எம்பிஎஸ் இலவசம் என்று 1,800 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார்கள், மேலே 450 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கையில் தூக்கிப் பார்த்தேன். பக்கத்தில் 3,900க்கு வைத்திருந்த 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸையும் தூக்கிப் பார்த்தேன். 3,900 ரூபாயுடையது அரிசிப் பொட்டலம், இலவசம் பொரிப் பொட்டலம். செம்பும் கெபாசிட்டரும் ஹீட் சிங்கும் உள்ளே இருந்தால் கனம் இருக்கத்தானே வேண்டும்? எங்கள் பக்கம் பாத்திரக் கடையில் வெங்கலப் பானையைத் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து வாங்குவார்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தட்டிப் பார்க்க வேண்டாம், தூக்கிப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதி பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கிறது. 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்ற மின்சிக்கன முத்திரை இருக்கிறதா, உள்ளே வரும் வோல்டேஜ் 100 முதல் 240 வரை என்று போட்டிருக்கிறதா, 12 வோல்ட் வரிசையில் மட்டும் எத்தனை வாட்ஸ் என்று எழுதியிருக்கிறதா. வோல்டேஜ் விஷயம் எங்களுக்கு முக்கியம், கோடையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் தெருவில் 175க்கு இறங்கும், ஃபேன் கும்பிடு போட்டுக்கொண்டு சுற்றும். 100 முதல் 240 தாங்குகிற எஸ்எம்பிஎஸ் அதைக் கண்டுகொள்ளாது, தனியாக ஸ்டெபிலைசரும் வேண்டாம். எங்கள் பெட்டி முழு மூச்சாக ஓடினாலும் 120 வாட்ஸைத் தாண்டவில்லை, 450 தாராளம். வாட்ஸை ஏற்றாதீர்கள், தரத்தை ஏற்றுங்கள்.

சாமான்களில் பாதியை ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கினோம். ஐந்து கடை ஏறி இறங்கியதில் எல்லா இடத்திலும் கேட்ட ஒரே கேள்வி, "பில் வேணுமா சார்?" பில் இல்லையென்றால் 18 சதவீதம் குறையும் என்பது கேள்விக்குள் இருக்கும் அர்த்தம். ஜிஎஸ்டி தாக்கல் செய்து சோறு தின்கிறவனிடம் போய் இதைக் கேட்கிறார்களே என்று மகள் சிரித்தாள். நியாயத்தை விடுங்கள், சுயநலத்துக்காகவே பில் வாங்குங்கள்: பிராசசருக்கு மூன்று வருடம், நல்ல எஸ்எஸ்டிக்கு ஐந்து வருடம் என்று வாரண்டி இருக்கிறது, பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருந்தால்தான் சர்வீஸ் சென்டரில் பேச முடியும். பிராசசர் சீல் உடையாத பெட்டியில் இருக்க வேண்டும், பெட்டியில்லாமல் தட்டில் இருந்து எடுத்துக் கொடுப்பதில் கூலரும் வராது, வாரண்டியும் சந்தேகம். ஊர் திரும்பும்போது பல்லவன் எக்ஸ்பிரஸில் மதர்போர்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், எதிர் சீட்டில் இருந்தவர் பலகாரம் என்று நினைத்தாரோ என்னவோ கண்ணை எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வளவில் ஜமுக்காளத்தை விரித்து எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தோம். ஆத்தா (என் அம்மா) அடுப்படியில் இருந்து வந்து நின்று பார்த்து, "என்னப்பா இது, கல்யாணப் பொண்ணுக்குச் சீர்ச் சாமான் பரப்புன மாதிரி பரப்பி வச்சிருக்கே, எண்ணி எழுதிக்கிட்டியா?" என்றார்கள். எழுதித்தான் வைத்திருந்தேன், 40,100 ரூபாய், யுபிஎஸ் தனி.

சேர்ப்பது பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஒவ்வொரு வயரும் அதனதன் இடத்தில்தான் நுழையும். ஆனால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டோம். 5600ஜி கூடவே வருகிற கூலரைத் திருகாணி போட்டு முடுக்க வேண்டும், அதற்கு முன் போர்டில் ஏற்கனவே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகளைக் கழற்ற வேண்டும். நான்கு திருகாணியையும் கழற்றியதும் போர்டுக்குப் பின்னால் இருந்த இரும்புத் தகடு டொங்கென்று விழுந்தது. அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்தத் திருகாணிகள்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. எதையோ உடைத்துவிட்டோம் என்று பத்து நிமிடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். உடையவில்லை, ஒருவர் பின்னால் இருந்து தகட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மேலே இருந்து எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் உட்கார்ந்துவிடும். இதைப் போர்டை கேபினட்டுக்குள் வைப்பதற்கு முன்பே செய்யுங்கள், உள்ளே வைத்துவிட்டால் பின்பக்கம் கை போகாது. கூலரின் அடியில் பேஸ்ட் ஏற்கனவே தடவியிருக்கும், துடைத்துவிட வேண்டாம்.

இரண்டாவது, எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. மானிட்டர் வயர், பவர் வயர், பிராசசருக்கு மேலே தனியாகப் போகிற எட்டுப் பின் வயர் என்று எல்லாம் பார்த்து மத்தியானச் சாப்பாடும் ஆகிவிட்டது. கடைசியில் ரேம். ஒரு பக்கம் சொடுக்கு விழுந்திருந்தது, மறுபக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றது. புதுப் போர்டு உடைந்துவிடுமோ என்ற பயத்தில் நாங்கள் பூப்போல அழுத்தியிருக்கிறோம். ரேமைப் பூப்போல அழுத்தக் கூடாது, இரண்டு பக்கமும் டிக் என்ற சத்தம் கேட்கிற வரை அழுத்த வேண்டும். படம் வந்ததும் பயாஸில் போய் ரேமை அதன் முழு வேகத்துக்கு ஏற்றுகிற எக்ஸ்எம்பியை இயக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் 3200 வேகத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய ரேம் சில நேரம் 2400 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

அன்று சாயங்காலம் மகள் வெறுங்காலோடு ஆத்தங்குடித் தரைக்கல்லில் நின்றபடி பென் டிரைவைச் சொருகப் போய் வெடுக்கென்று கையை எடுத்தாள். "அப்பா, எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு." நான் செருப்போடு இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் புறங்கையால் கேபினட்டைத் தொட்டேன். சுர்ரென்றது. டெஸ்டரை வைத்தால் பல்பு எரிகிறது.

எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். மீட்டரை எடுத்துக் கேபினட்டுக்கும் தரைக்கும் வைத்துப் பார்த்தார், 104 வோல்ட். எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போனது என்றுதான் நான் நினைத்தேன், 3,900 போச்சே என்று வயிறு எரிந்தது. அவர் சுவரில் இருந்த பிளக்கைக் கழற்றிக் காட்டினார். "அண்ணே, மூணாவது ஓட்டையில வயரே இல்ல. இந்த வீட்டுக்கு எர்த்தே கிடையாதுண்ணே." மரச்சட்டத்துக்குள் இரண்டே இரண்டு வயர் ஓடுகிற காலத்து வயரிங், பின்னால் யாரோ மூன்று பின் பிளக்கை அழகுக்கு மாட்டி வைத்திருக்கிறார்கள். இருபது வருடமாக அதில்தான் எல்லாம் சொருகுகிறோம்.

எஸ்எம்பிஎஸ் மேல் தப்பே இல்லை. கரண்டில் இருக்கும் இரைச்சலை வடிகட்டுவதற்காக உள்ளே இரண்டு சின்னக் கெபாசிட்டர் வைத்திருப்பார்கள், ஒன்று கரண்ட் வருகிற பேஸ் வயரில் இருந்து எர்த்துக்கு, மற்றொன்று அது திரும்பிப் போகிற நியூட்ரல் வயரில் இருந்து எர்த்துக்கு. எர்த் ஒழுங்காக இருந்தால் அதில் கசிகிற துளி கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் போக்கிடம் இல்லாமல் இரும்புப் பெட்டி மேலேயே நிற்கும், அதுவும் இரண்டு கெபாசிட்டருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதால் 230இல் ஏறக்குறைய பாதி வோல்டேஜில் நிற்கும். கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே என்பதால் ஆளை ஒன்றும் செய்யாது, சுருக்கென்று கடிப்பதோடு சரி. ஆனால் நாளைக்கு உள்ளே ஏதாவது வயர் உரிந்து பெட்டியைத் தொட்டால், எர்த் இல்லாத வீட்டில் அது நேராக நம் மேல்தான் வரும். மரப்பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள், செருப்பு போட்டுக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. ஒருவர் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு வயரால் இணைத்துவிட்டால் முடிந்தது என்றார். தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வெளியே எங்காவது நியூட்ரல் அறுந்தால் பெட்டி முழுக்க 230 வந்து நிற்கும்.

சரி, எர்த் குழி தோண்டுவோம் என்றால், இது தனி வீடு இல்லையே. பின்கட்டில் குழி போட பங்காளிகளிடம் கேட்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவர் கட்டைவிரல் காட்டினார், ஒருவர் கும்பிட்ட கை காட்டினார், இது சம்மதமா வாழ்த்தா என்று தெரியவில்லை. சென்னையில் இருக்கும் சித்தப்பா மட்டும், "கம்ப்யூட்டருக்கா குழி வெட்டுறீங்க?" என்று போன் போட்டு, கிணற்றடிப் பக்கம் தொடக் கூடாது, வீட்டு அஸ்திவாரம் என்ன ஆகும், ஐயா காலத்தில் இதெல்லாம் இருந்ததா என்று முக்கால் மணி நேரம் பேசினார். ஐயா காலத்தில் கம்ப்யூட்டரும் இல்லை என்று சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். பத்து நாள் கழித்துச் சம்மதம் வந்தது. குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி, அங்கிருந்து எங்கள் இரண்டு அறைக்கும் பச்சை வயர் இழுத்து, கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி ஒன்றும் மாட்டியதில் 7 ஆயிரம் சொச்சம். மறுபடி மீட்டர் வைத்தால் பேஸுக்கும் எர்த்துக்கும் 228, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 1 வோல்ட் சொச்சம். கேபினட்டில் பூனை போல அமைதி. எங்கள் செம்மண் பூமி கோடையில் காய்ந்து வெடித்துவிடும், எர்த் குழியும் காய்ந்தால் வேலை செய்யாது, அதனால் பங்குனி பிறந்தால் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறோம். அந்தப் பொறுப்பை அப்பச்சி எடுத்துக்கொண்டார்.

பாகப் பட்டியல் போடுகிற யாரும் இந்த 7 ஆயிரத்தை எழுதுவதில்லை. பழைய வீட்டில் இருப்பவர்கள் முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள், பிராசசரில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை.

யுபிஎஸ் 600 விஏ, 3,300. 600 என்று எழுதியிருந்தாலும் தாங்குவது 360 வாட்ஸ்தான். உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று, எங்கள் பெட்டிக்கும் மானிட்டருக்கும் இருபது நிமிடம் தருகிறது, வவுச்சரைச் சேமித்து மூட அது போதும். லேசர் பிரிண்டரை அதில் சொருகிவிட்டு ஒரு பில் பிரிண்ட் கொடுத்தேன், கீச்சென்று கத்திவிட்டு எல்லாம் அணைந்தது, பதிவு செய்யாத கணக்கும் போயிற்று. தாளைச் சூடாக்கும் உருளைக்கு அது இழுக்கிற கரண்டை இந்தச் சின்ன யுபிஎஸ் தாங்காது, பிரிண்டரை நேராகச் சுவரில்தான் சொருக வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே, யுபிஎஸ் எதற்கு என்று கேட்பவர்கள் இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோடுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், அதைப் போடாவிட்டால் மாறுகிற அந்த நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். பேட்டரி சரியாக இரண்டு வருடத்தில் படுத்துவிட்டது. பேட்டரி ஆராய்ச்சியும் செய்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) 1953 முதல் இருக்கிற காரைக்குடிக்குப் பக்கத்தில் குடியிருந்தும் எனக்கு இரண்டு வருடம்தான்.

நெட் கதை சுருக்கமாக. ரூட்டர் முகப்பில், கம்ப்யூட்டர் இரண்டாம் கட்டில், நடுவில் இரண்டடிச் சுண்ணாம்புச் சுவர் மூன்று. 5,900 ரூபாய் போர்டில் வைஃபை கிடையாது, 600 ரூபாய்க்கு யுஎஸ்பி வைஃபை வாங்கிச் சொருகினால் ஒரு கோடு வரும், போகும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு கேட் 6 கேபிளை வளவு ஓரமாக இழுத்தோம், 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் எங்கள் நீட்டு வீட்டுக்கும் பிரச்சினை இல்லை. குழாய்க்குள் விடாமல் சும்மா இழுத்த முதல் கேபிளை முற்றத்து அணில் மூன்று வாரத்தில் கடித்துவிட்டது.

மென்பொருளில் நான் முதலில் நினைத்தது, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸை முழுக்கப் போட்டு விண்டோஸ் காசை மிச்சம் பிடிப்பது. ஆனால் டேலி விண்டோஸுக்கு மட்டும்தான் வருகிறது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அதில்தான் சொன்னபடி கேட்கிறது. சோறு போடுகிற வேலை அது. பத்தாயிரத்தை ஒட்டி விலை கொடுத்து விண்டோஸ் 11 ஹோம் வாங்கினேன், 500 ரூபாய்க்கு வருகிற உரிமச் சாவி எண்களையும் பூட்டை உடைத்த பதிப்புகளையும் தொடவில்லை, முப்பது கடைக்காரர்களின் கணக்கு அதற்குள் இருக்கிறது. மகளுக்கு அதே எஸ்எஸ்டியில் பாதி ஒதுக்கி லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட். வரிசை முக்கியம்: விண்டோஸை முதலில் போட்டுவிட்டு, அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டு, பிறகு மின்ட். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தாவிட்டால் விண்டோஸ் பக்கத்துக் கோப்புகளை லினக்ஸில் திறந்து பார்க்கத்தான் முடியும், எழுத முடியாது.

அடுத்த நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து ஒரு பில் போட்டேன், முந்தின நாள் தேதி விழுகிறது. கடிகாரம் இரவு பதினொன்றரை என்கிறது. சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். லினக்ஸ் போர்டில் இருக்கும் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொள்கிறது, விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று படிக்கிறது. லினக்ஸில் உள்ளூர் நேரத்துக்கு மாற்று என்று ஒற்றை வரிக் கட்டளை கொடுத்ததும் தீர்ந்தது. நல்லவேளை மாதக் கடைசியாக இல்லை, இல்லாவிட்டால் யாரோ ஒருவர் கணக்கு போன மாதத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

மற்றபடி மின்ட்டில் வேண்டியது எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது, லிப்ரே ஆபீஸ், பைத்தான் எல்லாம் கூடவே வந்துவிடுகிறது. நான் எதிர்பார்க்காத லாபம் தமிழ். அப்பச்சியின் பழைய கோப்புகளைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது. அவை பாமினி எழுத்துருவில் அடித்தவை, அம்மா என்று அவர் அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கிறது. எழுத்துருவை நிறுவிப் படிக்கலாம், ஆனால் தேட முடியாது, போனில் அனுப்ப முடியாது, எங்கும் படிக்க முடிகிற யுனிகோடு முறைக்கு மாற்றிவிடுவதே நல்லது. மாற்றுவதற்கு இலவசக் கருவிகள் இருக்கின்றன, 140 கோப்புகளை மகள் ஒரு சனிக்கிழமையில் பைத்தானில் எழுதி மாற்றிவிட்டாள். அவள் படிப்பில் நான் கண்ணால் கண்ட முதல் பலன் அது.

அப்பச்சி தமிழ்த் தட்டச்சு லோயர் பாஸ் பண்ணியவர். 1999இல் அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகையை அவருக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தேன், இரண்டு நாளில் எழுந்து போய்விட்டார். லினக்ஸின் தமிழ் உள்ளீட்டில் பழைய டைப்ரைட்டர் அமைப்பும் இருப்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். விரல்கள் அப்படியே ஞாபகம் வைத்திருந்தன. கோயில் வரவு செலவை இப்போது அவரே அடிக்கிறார், என்னை நம்புவதில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த சித்தப்பா, தன் பங்கு அறைக்கு ஏசி மாட்டப் போவதாகச் சொன்னார். எர்த் வயரை நம் குழியில் இருந்தே இழுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நம் குழி என்றார், அதைக் கவனித்துக்கொண்டேன். பாதிக் காசு 3,500 கேட்டிருக்கிறேன், வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்து மூன்று வாரம் ஆகிறது.